கப்பல் எஞ்சினுக்குள் ஒரு கத்தரிக்கோல்

என் அத்தானின் ஆள்காட்டி விரலில் தையல் மெஷின் ஊசி ஏறி இறங்கியதால்தான் நான் மலாயா பார்த்தேன். "விரல் வீங்கிக் கிடக்கிறது, கடையில் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது, தம்பி உடனே புறப்பட்டு வரவும்" என்று அக்கா எழுதிய கடிதம் திருச்சிக்கு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் விரல் ஆறிவிட்டது. கோலாலம்பூர் ஸ்டேஷனில் அத்தான் அதே விரலை நீட்டித்தான் எனக்கு வாசல் காட்டினார்.

"அப்ப நான் திரும்பிப் போயிடட்டா?" என்றேன்.

"வந்தது வந்தே மாப்ளே, ரெண்டு மாசம் இரு. விரல் ஆறிடுச்சு, துணி குறையலையே!"

அந்த ஸ்டேஷனை வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ சுல்தானின் அரண்மனை என்று தோன்றும். கும்பிடு போடலாமா என்று கை எழுந்தது. உள்ளே போனால் நம் திருச்சி ஜங்ஷன் மாதிரியே மூட்டையின் மேல் உட்கார்ந்து ஜனங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

அத்தானின் கடை பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். அக்காவுக்குக் கடிகாரம் தேவையில்லை. ஒரு எஞ்சின் கூவினால் உலை வைப்பாள், இன்னொன்று கூவினால் வடிப்பாள். வெள்ளைத் துணியைக் கொடியில் போடுவதென்றால் மட்டும் கூட்ஸ் வண்டி போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பாள். இல்லாவிட்டால் கரிப்பொடி விழுந்து சட்டை புள்ளி போட்ட சட்டையாகிவிடும்.

முதல் நாள் காலை வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து முன்னால் வைத்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சிவப்பாக மிளகாய் சம்பல், பொரித்த நெத்திலி, இரண்டு கீற்று வெள்ளரிக்காய். நாசி லெமாக் என்றாள். காலையில் சோறா என்று முகம் சுளித்தேன். மூன்றாவது பொட்டலத்தைப் பிரிக்கும்போது சுளிப்பதை நிறுத்தியிருந்தேன்.

ஐந்தாம் நாள் கிள்ளானிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி வந்தார். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. கோட்டில் அவ்வளவு கஞ்சி. அவர் உட்கார்ந்த பிறகுதான் கோட்டு உட்கார்ந்தது.

"போர்ட்டில ஒரு மோட்டார் கப்பல் நிக்குது. அதின்ர தலைமை இன்ஜினியர் துரைக்கு ரெண்டு மேலுடுப்பு வேணும், சட்டையும் காற்சட்டையும் ஒண்டாய்ச் சேர்ந்தது. ஆள் கப்பலை விட்டு இறங்கமாட்டாராம். நீங்கள்தான் போய் அளவெடுக்க வேணும். நாளையிண்டைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கப்பல் வெளிக்கிடுது."

அத்தான் என்னைப் பார்த்தார். "எனக்குக் கப்பல்னா குமட்டும் மாப்ளே."

"கப்பல் கரையிலதானே நிக்குது?"

"பார்த்தாலே குமட்டும்."

அப்படித்தான் நான் அன்றைக்கே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு ரயில் ஏறினேன். துரையைப் பார்க்கப் போவதால் கறுப்புக் கோட்டு. உள்ளே கிழிந்த பனியன், அது துரைக்குத் தெரியப்போவதில்லை. எதிரே ஒரு சீனத்து அம்மாள் கூடை நிறைய வாத்து வைத்திருந்தாள். அதில் ஒன்று கழுத்தை நீட்டி என் இஞ்சு டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தது. நானும் இழுத்தேன். கிள்ளான் வரைக்கும் இந்த இழுபறி. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கலையாமல் நின்றன. நம் ஊரில் மரம்கூட இவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் அந்தக் கப்பலைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. உடம்பு ஒரு தெரு நீளம், புகைபோக்கியோ கவிழ்த்து வைத்த அண்டா அளவு. புகையே இல்லை. நான் ஏறி வந்த நீராவிக் கப்பல் அடுப்பில் ஈர விறகு வைத்ததுபோல் வானத்தையே கறுப்பாக்கிக்கொண்டு வந்தது. இது சமையல் முடிந்த வீடு மாதிரி சும்மா நின்றது.

மேலே தளத்தில் ஒரு நாகூர்க்காரர் என்னை எதிர்கொண்டார். நரைத்த தாடி, தலையில் ஒரு துண்டு. எஞ்சின் அறை ஆட்களுக்கெல்லாம் தலைவர். கப்பல் பாஷையில் செராங். மரைக்காயர் என்று கூப்பிடச் சொன்னார்.

"கரி எங்க மரைக்காயரே போடுறீங்க?"

"கரியா? இதுல கரியும் கிடையாது, அடுப்பும் கிடையாது, வெந்நியும் கிடையாது. டீசல் எண்ணெய். எங்காளுங்களுக்கு மூஞ்சி கழுவுறதே மறந்துபோச்சு. வாரும், காட்டுறேன்."

இரும்பு ஏணியில் இறங்கினோம். ஒரு தளம், இன்னொரு தளம், மீண்டும் ஒன்று. எஞ்சின் எங்கே என்று கேட்டேன்.

"அதைத் தொட்டுக்கிட்டேதானே ஓய் வர்றீரு!"

பக்கத்தில் இருந்தது சுவர் என்று நினைத்திருந்தேன். அதுதான் எஞ்சின். எங்கள் ஊர் அரிசி மில்லில் ஒரு எண்ணெய் எஞ்சின் உண்டு, ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும், அது ஓடினால் தெருவே இருமும். இது மூன்று மாடி. ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு கிணறு. அதில் ஒன்றைத் திறந்து பிஸ்டனை வெளியே தூக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். சுற்றி நாலு பேர் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், யானையைக் குளிப்பாட்டுவதுபோல.

தொழில் புத்தி என்னை விடவில்லை. டேப்பை எடுத்துப் பிஸ்டனின் இடுப்பைச் சுற்றினேன். டேப் அறுபது அங்குலம்தான், போதவில்லை. விரலை அடையாளம் வைத்து மறுபடி சுற்றினேன். தொண்ணூற்றொரு அங்குலம். தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "சட்டையா அண்ணே, கோட்டா?" என்றான். "மொதல்ல ஒரு அரைஞாண் கட்டுங்கப்பா" என்றேன். மரைக்காயரே சிரித்துவிட்டார்.

துரையைக் காணோம். மரைக்காயர் அடித்தளத்தில் இருந்த ஒரு இரும்புக் கதவைக் காட்டினார். எஞ்சினின் வயிற்றுப் பக்கம் அப்படி ஆறு கதவுகள். ஒன்று திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து விளக்கு வெளிச்சமும் ஒரு பாட்டு முணுமுணுப்பும் வந்தன. அதுதான் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இடம். தேர்ச்சக்கரத்தின் அச்சைப்போல் நாலு பங்கு தடிமனான இரும்பு அங்கே சுழலும், அதுதான் கப்பலைத் தள்ளுவது. அதன் பக்கத்தில் துரை நின்றுகொண்டு ஏதோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரைக்காயர் உள்ளே குனிந்து விஷயத்தைச் சொன்னார். பதில் வந்தது.

"என்ன சொல்றார்?"

"வெளிய வர நேரமில்லையாம். உம்மை உள்ள வரச் சொல்றார்."

"எஞ்சினுக்குள்ளயா?"

"பயப்படாதேயும். நாளைக்குத்தான் மூடுவோம்."

போவதற்கு முன் மரைக்காயர் ஒரு தகர டப்பாவை நீட்டினார். உள்ளே போகிற எவனும் பையில் ஒரு குண்டூசிகூட வைத்திருக்கக் கூடாதாம். விழுந்து, அது ஓடுகிற இரும்புக்கு நடுவே மாட்டினால் எஞ்சின் தன்னைத்தானே தின்றுவிடும் என்றார். வெற்றிலைப் பெட்டி, சாவி, சாக்குக்கட்டி, சில்லறை எல்லாம் டப்பாவுக்குள் போயின. கோட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த பனியனை நினைத்து நான் மறுத்தேன். அவர் ஒரு கயிற்றால் என் இடுப்பைச் சேர்த்துக் கட்டினார்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டின் உள்பையில் என் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. பொத்தான் துளை போடுவதற்கென்று வைத்திருப்பது, ஐந்து அங்குலம். அதை நான் கொடுக்கவில்லை. மெக்கானிக்கின் கையில் கத்தரிக்கோல் ஒரு நிமிஷம் இருந்தாலும் கம்பி வெட்டிப் பார்ப்பான், பிறகு அது துணி வெட்டாது. "வேற எதுவும் இல்லையே?" என்றார் மரைக்காயர். "இல்லை" என்றேன்.

உள்ளே நுழைந்தேன். நல்ல உயரமான இடம், நிமிர்ந்து நிற்கலாம். எண்ணெய் வாடை மூக்கில் அப்பியது. துரை பருத்த மனிதர், சிவந்த முகம், உடுப்பின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் உடம்பைச் சேர்ந்தது: நெக், செஸ்ட், வெய்ஸ்ட். அவற்றைச் சொல்லிச் சொல்லி அளந்தேன். அவர் ஒரு கையைத் தூக்குவார், மறு கையால் இரும்பைத் தட்டுவார். உள்காலை அளக்க நான் கிட்டத்தட்ட தலைகீழாகக் குனிந்தேன். கால் வழுக்கியது. துரை என் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "குட்?" என்றார். "வெய்ஸ்ட் குட்" என்றேன்.

அடுத்த நாள் முழுக்க நானும் அத்தானும் தைத்தோம். ஒரு உடுப்புக்குள் அத்தான் முழுதாக நுழைந்து நடந்து காட்டினார், இன்னொரு அத்தானுக்கும் இடமிருந்தது.

அதற்கு மறுநாள், கப்பல் புறப்படும் நாள் காலை. பத்து மணி ரயிலுக்கு நான் உடுப்புகளைக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது உடுப்புக்குப் பொத்தான் துளை மட்டும் பாக்கி. கத்தரிக்கோலை எடுக்கக் கோட்டின் உள்பையில் கைவிட்டேன். பை காலி.

பெட்டியைக் கவிழ்த்தேன். மெஷினைப் புரட்டினேன். அக்காவின் அஞ்சறைப்பெட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"கடைசியா எங்க வச்சிருந்தே?" என்றார் அத்தான்.

தலைகீழாகக் குனிந்தது, கால் வழுக்கியது, காலரைப் பிடித்துக் குலுக்கித் தூக்கியது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

விஷயத்தைக் கேட்டதும் அத்தானின் முகம் மாறிவிட்டது. "அது எத்தனை பெரிய எஞ்சின் மாப்ளே?"

"மூணு மாடி அத்தான்."

"உன் கத்தரி?"

"அஞ்சு அங்குலம்."

"அப்ப ஒண்ணும் ஆகாது, விடு" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே அவருக்கு நம்பிக்கையில்லை என்று தெரிந்தது. அக்காதான், "இவனை மொதல்ல கிளப்பி விடுங்க" என்று கோட்டையும் பொட்டலத்தையும் என் கையில் திணித்தாள்.

தேடியதிலேயே ரயில் போயிருந்தது. அடுத்த ரயில் போய்ச் சேர்வதற்குள் கப்பல் போய்விடும். கிள்ளானுக்குப் போகும் பஸ் ஒன்றைப் பிடித்தேன். அதில் ஏழு பேர் உட்காரலாம். பதினாலு பேர் இருந்தோம். என் மடியில் கோட்டு, கோட்டின் மேல் உடுப்புப் பொட்டலம், பொட்டலத்தின் மேல் யாரோ ஒரு மலாய்க்காரப் பெரியவரின் டுரியான் பழக் கூடை.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் தமிழ்ப் பையன்தான். இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

"தண்ணி கொதிக்குது லா. ஆற விடணும். எல்லாம் எறங்கிக் காத்து வாங்குங்க."

"எவ்வளவு நேரம் தம்பி?"

"அது எஞ்சினுக்குத்தான் தெரியும் அண்ணே."

இவனுக்கு எஞ்சின் என்பது பஸ்ஸின் முன்னால் இருக்கும் சின்னப் பெட்டி என்ற நினைப்பு. நான் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டுரியானைப் பிளந்து நீட்டினார். அந்த வாடைக்கே ஓடிப்போயிருப்பேன், ஆனால் எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். ஒரு சுளை தின்றேன். செத்த எலியை வெல்லப் பாகில் போட்டதுபோல் இருந்தது. இரண்டாவது சுளையில் எலி போய்விட்டது. நாலாவது சுளையை நானே எடுத்துக்கொண்டேன்.

அப்போது எதிர்ப்பக்கம் கோலாலம்பூருக்குத் திரும்பும் பஸ் ஒன்று வந்து நின்றது. பாதி காலி. "கோலாலம்பூர், கோலாலம்பூர்!" என்று அதன் கண்டக்டர் கூவினான். நான் எழுந்து ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டேன். பொய் சொல்வானேன்? யாருக்குத் தெரியும்? நடுக்கடலில் ஒரு கப்பல் நின்றால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். திருச்சித் தையல்காரனின் பெயரா அதில் வரப்போகிறது?

மரைக்காயர் நீட்டிய தகர டப்பா நினைவுக்கு வந்தது. என் பையைச் சோதித்தது அவர். நாளைக்கு ஏதாவது ஆனால் கேள்வி அவரிடம்தான் போகும். அரைஞாண் ஜோக்குக்குச் சிரித்த அந்த நாலு பேரும் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். காலை எடுத்தேன். கண்டக்டர் என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

எங்கள் பஸ் ஒருவழியாக இருமிக் கிளம்பியது. கிள்ளானில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் வாசனை தூக்கியது, நான் நிற்கவில்லை. என் வாழ்நாளில் நான் சாப்பிடாமல் கடந்துபோன ஒரே கடை அதுதான். ஒரு ரிக்‌ஷாவில் ஏறினேன். இழுத்த சீனர் என் வாயிலிருந்து வந்த டுரியான் வாடையைப் பிடித்துக்கொண்டு, வழிநெடுக அது எந்த ஊர்ப் பழம், என்ன விலை என்று மலாயில் விசாரித்தபடியே ஓடினார். பாதி எனக்குப் புரியவில்லை. "பாகுஸ், பாகுஸ்" என்றேன். நல்லது என்று அர்த்தம், அத்தான் சொல்லிக்கொடுத்த நாலு சொல்லில் ஒன்று.

துறைமுக வாசலில் பஞ்சாபிக் காவலர் கையை நீட்டித் தடுத்தார். மோட்டார் கப்பல் கிளம்பப் போகிறது, இனி யாரும் ஏற முடியாது என்றார். நான் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டினேன். பிறகு கப்பலைக் காட்டினேன். பிறகு வயிற்றைக் காட்டினேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கப்பல் டாக்டரைப் பார்க்க வந்தவன் என்று முடிவுகட்டி, அவசரமாக வழிவிட்டார்.

ஏணியை இன்னும் தூக்கவில்லை. மேலே மரைக்காயர் நின்றிருந்தார்.

"வாரும் தையக்காரரே, நல்ல நேரத்துக்கு வந்தீரு! உடுப்புதானே?"

"மரைக்காயரே, அன்னைக்கு எங்கிட்ட ஒரு கத்தரி இருந்துச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன். இப்ப அதைக் காணோம்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "இருபது வருஷத்துக்கு மேல கடல்ல இருக்கேன்" என்றார் மெதுவாக. "என் கப்பல் வேலைப் புத்தகத்துல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இனி ஒருத்தன் என்னை ஏத்துவானா ஓய்?"

"நானே துரைகிட்ட சொல்றேன். நீங்க கேட்டீங்க, நான்தான் இல்லைன்னு பொய் சொன்னேன்."

"உமக்கு இங்கிலீஷ் தெரியாதே?"

"தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்."

கீழே துரை எஞ்சினின் பெரிய கைப்பிடி ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தார். அவரோடு ஒல்லியாக ஓர் இளைஞர், இரண்டாவது இன்ஜினியர். நான் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "சார். மை சிசர். யுவர் எஞ்சின். இன்சைடு."

ஒல்லி துரை குதித்தார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தவை 'மெட்ராஸ்', 'ஃபூல்' என்ற இரண்டுதான். மற்றதை மரைக்காயர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். பருத்த துரை கத்தவில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு குழாயில் வாயை வைத்து மேலே காப்டனிடம் ஏதோ சொன்னார். குழாய்க்குள்ளிருந்து காப்டன் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. துரை குழாயை மூடிவிட்டு, "ஓப்பன்" என்றார்.

ஆறு கதவுகளையும் கழற்றினார்கள். நான் அளவெடுத்த அறையை முதலில் தேடினார்கள். விளக்கைப் பிடித்து, இண்டு இடுக்கெல்லாம் கையை விட்டுத் தடவினார்கள். இல்லை. அடுத்த அறை. இல்லை. மேலே காப்டன் நடக்கிற சத்தம் தளத்தில் கேட்டது. நான் ஓர் ஓரத்தில் நின்று வேண்டாத தெய்வமில்லை. கத்தரி கிடைக்க வேண்டும் என்று பாதி நேரம், கிடைக்கக் கூடாது என்று பாதி நேரம்.

நாலாவது அறைக்குள் போனவன் கத்தினான். துரை கையை நீட்டினார். வெளியே வந்தது கத்தரி அல்ல. ஒரு முழ நீளத்தில் ஒரு ஸ்பானர், நல்ல கனமானது. உள்ளே ஒரு விளிம்பின் மேல் படுத்திருந்ததாம், எஞ்சின் நாலு சுற்றுச் சுற்றியிருந்தால் விழுந்திருக்கும். அதன் பிடியில் சிவப்புச் சாயத்தில் யாரோ தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் போட்டிருந்தார். துரை அந்த எழுத்துகளைப் படித்தார். பிறகு ஒல்லி துரையைப் பார்த்தார். ஒல்லி துரை எஞ்சினின் உச்சியில் ஏதோ முக்கியமான பொருளைப் பார்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு 'ஃபூல்' என்ற சொல் அங்கே கேட்கவில்லை.

ஆனால் தேடுதல் நிற்கவில்லை. கத்தரி கிடைக்கும்வரை எஞ்சினைத் தொடமாட்டேன் என்றார் துரை. அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி ஒன்று உண்டு, இனி அதைத்தான் துழாவ வேண்டும். மரைக்காயர் கைச்சட்டையை மடித்துக்கொண்டு தோள்வரை கறுப்பு எண்ணெயில் கையை விட்டார். நான் கையில் வைத்திருந்த கோட்டை மரியாதைக்கு மாட்டிக்கொண்டு இரும்புப் படியில் உட்கார்ந்தேன்.

தொடையில் ஏதோ குத்தியது.

கோட்டின் அடிமூலையைத் தடவினேன். துணிக்கும் உள்துணிக்கும் நடுவே, ஐந்து அங்குலத்துக்கு, கெட்டியாக. உள்பைக்குள் விரலை விட்டால் மூலையில் ஓட்டை. ஊருக்கெல்லாம் பை தைக்கிறவன் தன் பையின் ஓட்டையைப் பார்க்கவில்லை. மூன்று நாளாகக் கத்தரிக்கோல் என்னோடுதான் பிரயாணம் செய்துகொண்டிருந்தது. டுரியான் சாப்பிடும்போதும் என் மடியிலேயே இருந்திருக்கிறது.

மரைக்காயரின் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"மரைக்காயரே, கிடைச்சிடுச்சு."

"எங்க?"

கோட்டின் நுனியைத் தொட்டுக் காட்டினேன். எண்ணெய்க்குள் இருந்த அவர் கை அப்படியே நின்றது.

"வெளிய எடுக்காதேயும்!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு மணி நேரம் கப்பலை நிறுத்தி, காப்டனைக் கத்தவச்சு, கடைசியில கோட்டுக்குள்ள இருந்துச்சுன்னா உம்மை மட்டும் இல்ல, என்னையும் சேர்த்துக் கடல்ல போடுவாங்க."

"அப்ப என்ன செய்யறது? இல்லாத கத்தரியை எத்தனை நேரம் தேடுவீங்க?"

அவர் யோசித்தார். அந்தத் தாடிக்குள் ஒரு சிரிப்பு ஊர்வதைப் பார்த்தேன். "உள்துணியைப் பிரிச்சு என் துண்டுக்குள்ள போடும்."

நான் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தேன். கத்தரி அவர் துண்டுக்குள் போனது. அவர் கை துடைக்கப் போவதுபோல் எழுந்து தூணுக்குப் பின்னால் போனார், திரும்பி வந்தார், துண்டை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி தொட்டிக்குள் ஒரு கையை விட்டார். கொஞ்சம் துழாவினார். முகத்தைச் சுளித்தார். ஓரமாகச் சாய்ந்து இன்னும் துழாவினார். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் ராஜபார்ட் கிடைத்திருக்கும். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஒரு கத்தல். எண்ணெய் சொட்டச் சொட்ட அவர் மறு கையில் என் கத்தரிக்கோல்.

எஞ்சின் அறையே ஆரவாரித்தது. ஒல்லி துரைகூடக் கை தட்டினார், எல்லாரையும்விட உரக்கத் தட்டினார்.

பருத்த துரை கத்தரியை வாங்கினார். விளக்கின் கீழே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்தார், முகர்ந்தார். மரைக்காயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பிரிந்து தொங்கிய என் கோட்டின் உள்துணியைப் பார்த்தார். ஏதோ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"என்ன சொன்னார் மரைக்காயரே?"

"அப்புறம் சொல்றேன், நீர் மொதல்ல கரை ஏறும்" என்றார் மரைக்காயர். அவருடைய காது சிவந்திருந்தது.

கதவுகளை மூடி முடுக்கினார்கள். அதற்குள் நான் கத்தரியைத் துடைத்து, பாக்கியிருந்த பொத்தான் துளைகளைப் போட்டு முடித்து, உடுப்புகளைக் கொடுத்தேன். துரை ஒன்றை அங்கேயே பழையதன் மேல் மாட்டிக்கொண்டு பெரிய கைப்பிடிக்குப் போனார். மேலிருந்து மணி அடித்தது. கைப்பிடி அசைந்தது. அடைத்து வைத்த காற்று சீறிக்கொண்டு பாயும் சத்தம், ஆயிரம் பாம்பு ஒரே நேரத்தில் சீறினாற்போல. பிறகு ஒரு அடி. பிறகு இன்னொன்று. என் பல் ஆடியது. அடுப்பில்லாமல், கரியில்லாமல், அந்த மூன்று மாடியும் உயிர் பெற்று மூச்சு விடத் தொடங்கியது. நான் பயந்ததையும் மறந்து வாய் திறந்து நின்றேன். கரையேறாதவன் நான் ஒருவன்தான் என்று யாரோ என் தோளைப் பிடித்து ஏணிப்பக்கம் தள்ளினார்கள்.

கரையில் நின்றேன். கயிறுகளை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் எனக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. கம்பி ஓரத்தில் ஒரு நரைத்த தாடி தெரிந்தது.

"தையக்காரரே!"

"சொல்லுங்க மரைக்காயரே!"

"துரை சொன்னது என்னன்னா, தொட்டியில இருக்கிற எண்ணெய் கறுப்பாம்!"

"சரி!"

"கத்தரியில இருந்தது மஞ்சளாம்! நான் அவசரத்துல புது எண்ணெய் டின்னுல முக்கிட்டேன் ஓய்!"

"ஐயோ! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஸ்பானரை எடுத்துக் கொடுத்த கத்தரி, எங்க இருந்து வந்தா என்னன்னு கேட்டார்! சிரிச்சார்! அப்புறம்..."

அப்புறம் என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. கப்பல் ஊதியது. மரைக்காயர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு இன்னும் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நானும் கரையில் நின்று, புரிந்ததுபோல் "பாகுஸ், பாகுஸ்!" என்று அந்தக் கப்பல் திரும்பி மறைகிறவரை கத்திக்கொண்டிருந்தேன்.